முத்திரையை நம்பி வந்த சாட்சி

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கிட்ட. காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். றப்பர் முத்திரை ஒன்று, வரமுடியாத இடத்தில் இருந்த ஒருவனை வரவழைத்த கதையைச் சொல்லப்போகிறேன். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளலாம், வெட்கமில்லை. ஆனால் இதில் வருகிற தாஸிமுக்காக ஒரு துளி இரக்கத்தையும் வீணாக்க வேண்டாம். அதைப் பத்திரமாக வைத்திருங்கள். அதற்குரியவன் பிறகு வருவான்.

தாஸிம் அம்பிட்டியக்காரன். பழைய இராணுவ வீரன். இடது காலை இழுத்து நடப்பான். ஆட்கள் பார்த்தால் கொஞ்சம் கூடுதலாக இழுப்பான். போரின் கடைசிக் காலத்தில் எதிரியின் குண்டு பாதத்தில் பாய்ந்த கதையை, தேத்தண்ணிக் கடையில் யார் கேட்டாலும் சொல்வான். கேட்காவிட்டாலும் சொல்வான். முதலில் மூன்று பேர் சுட்டார்கள். சில வருஷத்தில் அது ஏழானது. பிறகு பதினெட்டு. போன பெருநாளுக்கு அவர்களுக்குப் பின்னால் ஒரு பீரங்கியும் வந்து சேர்ந்திருந்தது.

அவனுடைய மகள் நஸ்லியாவுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளையின் வாப்பா ஹுஸைன், ஓய்வுபெற்ற சார்ஜன்ட். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டார்:

“சண்டையில காயப்பட்டவங்களுக்குக் குடுக்கிற பதக்கம் எங்க, தாஸிம்?”

“வரும், வரும். ஆபீஸ்ல கொஞ்சம் தாமதம்.”

“பதினேழு வருஷமாவா?”

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. ஹுஸைன் சிரிக்கவில்லை. “நிக்காஹ்வுக்கு முந்தி ஒருக்காக் காட்டுங்கொ. எங்கட ஆக்களும் பார்க்கட்டும்.”

வேறொருவன் என்றால் அன்றே உண்மையைச் சொல்லிவிட்டுத் தலை குனிந்திருப்பான். தாஸிம் அடுத்த நாளே கண்ணாடிக் கடைக்குப் போனான். தேக்கு விளிம்பும் நீல வெல்வெட்டுமாக, பதக்கம் வைக்க ஒரு கண்ணாடிப் பிரேம் செய்வித்துக் கூடத்துச் சுவரில் மாட்டினான். உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் பிரேமை அவன் தினமும் துடைத்தான்.

அதற்குப் பிறகுதான் பதக்கத்துக்கு விண்ணப்பம் எழுதினான். ஆஸ்பத்திரித் துண்டு கேட்டிருந்தார்கள். இல்லை. அதிகாரியின் அறிக்கை கேட்டிருந்தார்கள். அதுவும் இல்லை. எல்லாம் எரிந்துபோயிற்று என்று எழுதினான். அப்படியானால் காயம்பட்டதை நேரில் கண்ட ஒருவரின் சத்தியக் கடதாசி வேண்டும் என்று பதில் வந்தது.

கண்டவன் ஒருவன் இருந்தான். தெல்தெனிய பவாஸ். தாஸிம் இருந்த இராணுவ முகாமுக்கு மரக்கறி கொண்டுபோன லொறியின் சாரதி, அப்போது இருபத்துநாலு வயது. தாஸிம் காயம்பட்ட அன்றைக்கே லொறியோடு காணாமல் போனவன். “லொறியையும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான்” என்று அதிகாரிகளிடம் சொன்னது தாஸிம்தான். அதனால் தெல்தெனியவில் பவாஸின் தாய் றம்லத்துக்கு ‘ஓடினவன்ட உம்மா’ என்றே பெயராகிவிட்டது. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னவர்களை அவள் வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். ஓடினவன் ஒருநாள் வருவான் அல்லவா?

ஆகவே கடதாசியில் பவாஸ் இன்னும் உயிரோடு இருந்தான். அது தாஸிமுக்கு வசதியாக இருந்தது.

சத்தியக் கடதாசிக்கு ஜே.பி.யின், அதாவது சமாதான நீதவானின், முத்திரை வேண்டும். அம்பிட்டியவில் ஜே.பி. என்றால் ரஸீன் ஹாஜியார். பெரிய மனிதர், பெரிய சோம்பேறி. பகல் தூக்கத்தில் யாரும் தட்டி எழுப்பக் கூடாது என்பதற்காக, வெறும் தாள்களில் முன்கூட்டியே கையொப்பமிட்டு முத்திரை குத்தி மேசை லாச்சியில் அடுக்கி வைத்திருப்பார். அந்தத் தாளின் அடியில் ஒரு வரி அச்சடித்திருக்கும்: மேற்படி நபர் இன்று என் முன்னிலையில் வந்து, தன் கையால் கையொப்பமிட்டார்.

“சாட்சி வரல்லயா?” என்று கொட்டாவியோடு கேட்டார் ஹாஜியார்.

“தெல்தெனியவில ஈக்கிறாரு ஹாஜியார். காலு வருத்தம். பஸ் ஏற ஏலாது.”

“ஒங்களுக்குக் காலு, அவருக்கும் காலா?” லாச்சியை இழுத்து ஒரு தாளை நீட்டினார். “எழுதிக்கொண்டு போங்கொ. போகக்குள்ள கேட்டைச் சாத்துங்கொ, மாடு வருது.”

பவாஸின் பெயரில் பதினெட்டு எதிரிகளையும் பீரங்கியையும் எழுதி, பவாஸின் கையொப்பத்தையும் தாஸிமே போட்டான். தபாலில் சேர்த்துவிட்டு, பிரேமைத் துடைக்க வீட்டுக்குப் போனான்.

மறுநாள் லுஹர் தொழுகை முடிந்த நேரம். நல்ல வெயில். முன்னறையில் ஹாஜியார் கண்ணயர்ந்திருந்தார்.

முதலில் வாசனை வந்தது. ஈரச் சாக்குக்குள் அழுகத் தொடங்கிய லீக்ஸ். அதோடு டீசல். அதற்கும் அடியில், நாட்பட்ட குளத்துச் சேறு.

பிறகு ஜன்னல் கண்ணாடியில் ஒரு சத்தம்.

டக். டக்.

“லாச்சியில ஈக்கிது, எடுத்துக்கொண்டு போங்கொ,” என்றார் ஹாஜியார், கண் திறக்காமல்.

“நான் வந்தேன் ஹாஜியார்.”

குரல் மேசைக்கு இந்தப் பக்கத்தில் கேட்டது. கதவு திறந்த சத்தம் இல்லை.

“நான் வந்தேன்டு முத்திரை குத்தியீக்கிறீங்க. வராம எப்பிடி? அதான் வந்தேன்.”

ஹாஜியார் கண்ணைத் திறந்தார். எதிர்க் கதிரையில் ஒரு வாலிபன் லாச்சித் தாளொன்றில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது. தாளில் மட்டும் ஒரு சொட்டும் விழவில்லை. விரல் முட்டிகளில் தோல் இல்லை. எதையோ நெடுநேரம் குத்தியவனின் கை.

“மழையா மகன் வெளிய?” என்று கேட்டார். வேறு என்ன கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

“இல்ல ஹாஜியார்.”

எழுதி முடித்து, பழைய அடையாள அட்டையொன்றை மேசையில் வைத்தான். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, அட்டையைத் துடைத்துப் பெயரை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

கதிரை வெறுமையாக இருந்தது. எழுதிய தாளும் இல்லை. பலகையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

ஹாஜியார் தாஸிமுக்கு டெலிபோன் எடுத்தார். “பவாஸ் வந்தாரு.”

தாஸிம் சிரித்தான். “ஹாஜியாருக்கு வயசு போச்சு. சாப்பிட்டுட்டு உடனே படுக்கக் கூடாது.”

மூன்று கிழமைக்குப் பிறகு பதக்க விசாரணைக்குக் கண்டி ஆபீஸுக்கு அழைத்தார்கள். தாஸிம் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு போனான். அங்கே தமிழ்க் கடதாசிகளைச் சிங்களத்துக்கு மாற்றுகிறவர் மங்களேஸ்வரி, யாழ்ப்பாணத்துப் பெண். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தார்.

“தாஸிம் நீங்கள்தானே? வாங்கோ. உங்கட சாட்சி வந்து முக்கால் மணித்தியாலமாகுது.”

“யாரு?”

“அந்த வாங்கில இருந்தவர். ஐயோ, நல்லா நனைஞ்சுபோய். துவாய் குடுத்தனான், வேண்டாமெண்டிட்டார்.” எட்டிப் பார்த்தார். வாங்குப் பலகையில் யாரும் இல்லை. அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. “இப்ப இருந்தவரே! சரி, வருவார். முதல் அனுப்பினது பிழையாம், திருத்தி எழுதித் தந்தவர். ஜே.பி. முத்திரையும் இருக்கு. வாசிக்கிறன், சரியோ எண்டு சொல்லுங்கோ.”

வாசித்தார்.

“என் பெயர் பவாஸ். அன்று மாலை முகாமில் லீக்ஸ் இறக்கிக்கொண்டிருந்தேன். தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டது. எதிரி யாரும் வரவில்லை. தாஸிம் நாநா தன் துவக்கைத் தன் பாதத்தில் வைத்துச் சுட்டார். நான் கண்டேன். பயந்த மனிதர் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.”

மங்களேஸ்வரியின் குரல் மெதுவானது.

“மிச்ச மூட்டைகளின் மேல் அவரைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். குளக்கட்டில் லொறி சரிந்து தண்ணீருக்குள் போனது. அவர் வெளியே விழுந்து கரையேறினார். நான் உள்ளே அகப்பட்டேன். கண்ணாடி இறங்கவில்லை. தட்டினேன். அவர் நின்று பார்த்தார். கையெட்டும் தூரம். தட்டிக்கொண்டே இருந்தேன். அவர் திரும்பி நடந்தார்.”

கண்ணுகளா, பயந்ததற்காக நான் அவனை இகழவில்லை. பயம் யாருக்கும் வரும். தன் பயத்தைக் கண்ட ஒரே மனிதனைத் தண்ணீருக்குள் விட்டு, அவனை ஓடினவன் என்று சொல்லி, பிறகு ஒரு தகரத் துண்டுக்காக அவன் பெயரிலேயே கையொப்பமும் போட்டானே, அதைத்தான் சொல்கிறேன்.

“பொய்! அவன் ஓடிட்டான்! எல்லாருக்கும் தெரியும்!” என்று கத்தினான் தாஸிம்.

மங்களேஸ்வரி தாளைக் கீழே வைத்தார். “ஓடினது ஆர், ஐயா?”

அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்த தடுப்புக் கண்ணாடியில், யாரும் தொடாமல்,

டக்.

டக்.

டக்.

தாஸிம் ஓடினான். நொண்ட மறந்து, இரண்டு காலையும் ஊன்றி, படிகளில் தாவி ஓடினான். பதினேழு வருஷத்தில் அவன் நொண்டாமல் போனதை அன்றுதான் ஆட்கள் பார்த்தார்கள்.

கடதாசியில் குளத்தின் பெயரும் இருந்தது. மங்களேஸ்வரி அதைப் பொலிஸுக்கு அனுப்பினார். வறட்சி மாதம், தண்ணீர் வற்றியிருந்தது. லொறி கிடைத்தது. கெபின் கண்ணாடிகள் மேலே ஏற்றியபடியே இருந்தன. அவன் உள்ளே இருந்தான். றம்லத் தன் மகனைத் தெல்தெனிய மையவாடியில் அடக்கினாள். ஊர் முழுக்க அவளுக்குப் பின்னால் நின்றது, தலை குனிந்து. நீங்கள் பத்திரமாக வைத்திருந்த இரக்கத்தை இங்கே கொடுங்கள்.

நஸ்லியாவின் கல்யாணம் நிற்கவில்லை. “பிள்ள எனத்த செஞ்சா?” என்று கேட்டு ஹுஸைன் சார்ஜன்ட் அவளை மருமகளாக்கிக்கொண்டார். வாப்பாவின் இடத்தில் பெரியவாப்பா நின்று நிக்காஹ் நடந்தது. ரஸீன் ஹாஜியார் இப்போது ஆளைப் பார்க்காமல் முத்திரை குத்துவதில்லை. ஆள் காய்ந்திருக்கிறானா என்றும் தொட்டுப் பார்க்கிறாராம்.

தாஸிம் தனியாக இருக்கிறான். தட்டுகிற சத்தம் தாங்காமல் வீட்டின் ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றிப் பலகை அடித்தான். மூக்குக் கண்ணாடியையும் எறிந்தான். அப்போதும் சத்தம் ஓயவில்லை.

அது கூடத்துச் சுவரிலிருந்து வந்தது.

அந்த வெறும் பிரேமைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் வீசினான். காலையில் அது சுவரிலேயே தொங்கியது. நீல வெல்வெட் நனைந்திருந்தது. பிரேமுக்குள் கால்வாசி தண்ணீர்.

பால் ஊற்றப் போகிற பெண் பலகை இடுக்கால் பார்த்திருக்கிறாள். தண்ணீர் தினமும் ஏறுகிறதாம். நேற்று மேல் விளிம்புக்கு ஒரு விரல் குறைவு. கண்ணாடிக்குப் பின்னால், தண்ணீருக்குள்ளிருந்து, தோலுரிந்த விரல் முட்டியொன்று தட்டிக்கொண்டிருந்ததாம்.

டக்.

போதும், கண்ணுகளா. கையை விடலாம். உங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் காய்ந்த காலோடும் சிரித்த முகத்தோடும் வரட்டும். நீங்கள் போடுகிற கையொப்பம் உங்களுடையதாகவே இருக்கட்டும். வெளியே போன பிள்ளைகளெல்லாம் அந்தியில் வீடு வந்து சேரட்டும். உங்கள் வீட்டுக் கண்ணாடிகளில் மழையைத் தவிர வேறெதுவும் தட்டாதிருக்கட்டும். ஆமீன்.