அறுபத்தோராவது வரி

அறுபது பெயர்களையும் அடித்து முடித்த பிறகும் பிரிண்டரின் தலை இடது ஓரத்துக்குத் திரும்பவில்லை. தாளின் நடுவில் நின்று லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது.

சூவா துறைமுகத்தில் மூன்று நாளாக மழை. கப்பல் கம்பெனி அலுவலகத்தில் மதியம் இரண்டு மணிக்கே விளக்கு போட்டிருந்தார்கள். ஜன்னல் வழியே டீசல் நெடியும் நனைந்த பாய்களின் புளித்த வாடையும் வந்தன. அவற்றுக்குள், சூடேறிய ரிப்பன் மையின் வாசம், பயணிகள் பட்டியல் அடிக்கும் வசிதியின் தொண்டையில் போய் ஒட்டியது.

"ஆச்சா?" உள்ளறையிலிருந்து மேலாளர் இசிகேலி கத்தினார். "விசாரணைக்கு வர்ற அம்மா படியேறுது. ஒரே பக்கம், அறுபது பேரு. வாயத் தொறந்தே, உனக்கும் சேத்துதான் விலங்கு."

"தெரியும் பாஸ்."

"தெரியாமயா? பெரிய பட்டதாரியாச்சே."

கப்பலுக்கு அனுமதி அறுபது பேருக்கு. ஏறியவர்கள் எழுபத்தொன்பது. பக்க நீளத்தை அறுபது வரியாக வைத்தவளே வசிதிதான். முதல் பக்கம் துறைமுக அதிகாரிகளுக்குப் போகும். மிச்சப் பெயர்கள் விழும் இரண்டாம் பக்கத்தைக் கிழித்துக் குப்பையில் போடுவாள், கணினியிலும் அழிப்பாள். அந்த மிச்ச ஆட்களைக் கப்பலின் பின்தட்டில், சேப்பங்கிழங்கு மூட்டைகளோடு உட்கார வைப்பார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் இதே அயோக்கியத்தனம்தான். யாருக்கும் கூசவில்லை, அவளுக்கும்.

முந்தாநாள் கப்பல் கவிழ்ந்தது. உயிராகவும் பிணமாகவும் அறுபது தலை எண்ணியாகிவிட்டது. பட்டியல் அவ்வளவுதான் என்று அவள் சொன்னால், தேடும் படகுகள் இன்றே திரும்பிவிடும். பின்தட்டு ஆட்களில் யாராவது இன்னும் பலகையைப் பிடித்து மிதந்துகொண்டிருந்தாலும்.

கர்ர்ரக்.

தாள் ஒரு வரி நகர்ந்தது.

61. செருவாயா, வயது 34.

அவள் வைத்திருந்தது ஒடுக்கமான மெல்லிய எழுத்து. இது தடித்த எழுத்து. ஊசிகள் ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு முறை குத்தின, தாளின் மறுபுறம் தழும்பாகப் புடைத்தது. 62. கிதியோனே, வயது 51. 63. லோசேனா, வயது 9. அவள் அழித்த பெயர்கள். அவளே மறந்துபோன பெயர்கள். ரத்து பொத்தானை அழுத்தினாள். மின்சுவிட்சை அணைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள்.

64. 65. 66.

79.

நின்றது.

அப்பாடா என்று மூச்சு விடும் முன்பே மறுபடி தொடங்கியது. பெயர் இல்லை. வெறும் புள்ளிகள். பட்டை பட்டையாக, மேலிருந்து கீழாக. சுருட்டை முடி. நெற்றி. மூடிய இமைகள். சப்பை மூக்கு. பல் முளைக்காத வாய்.

மடிக்குழந்தை.

மடிக்குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. அதன் பெயரை யாரும் கேட்பதில்லை, எந்தப் பக்கத்திலும் எழுதுவதில்லை. எழுதாததை எப்படி அடிக்கும்? அதனால் வரைகிறது.

இன்னொன்று. இன்னொன்று. மடிப்பு மடிப்பாக நீளும் தொடர்தாள் அவள் காலடியில் குவிந்தது. ஈரமாக. கணுக்காலைத் தொட்டது.

"பொண்ணே!" முன்கூடத்தில் விசாரணை அதிகாரி லைசானி அம்மா குடையை உதறியபடி கூப்பிட்டார். இசிகேலி அவர் பக்கத்தில் பல்லைக் காட்டியபடி நின்றார்.

வசிதி முதல் பக்கத்தைத் துளைக்கோட்டில் கிழித்தாள். தடுப்பைத் தாண்டிப் போய் நீட்டினாள்.

"இவ்வளவுதானா? ஒருத்தி தன் தங்கச்சியும் ஏறுனான்னு அழுவுறாளே. பேரு செருவாயாவாம்."

தடுப்புக்குப் பின்னால் ஊசிகள் குத்திக்கொண்டே இருந்தன. மற்ற இருவருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. இசிகேலியின் பார்வை அவள் வாயில்.

"அவ்வளவுதான்மா."

லைசானி அம்மா ரேடியோவை எடுத்தார். "கணக்கு சரி. படகெல்லாம் திரும்பட்டும்."

சத்தம் நின்றது.

அவள் தடுப்பைச் சுற்றி வந்தாள். தாள் அசைந்தது. கீழிருந்து மேலே. பின்னோக்கி. குவியலிலிருந்து ஒவ்வொரு முகமாக இயந்திரத்துக்குள் திரும்பி ஏறிக்கொண்டிருந்தது.

அடித்தபோது கண்கள் மூடியிருந்தன.

இப்போது எல்லாம் திறந்திருந்தன.