எட்டு வீத ஈரம்

ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் பலகையில் அழுத்தியபோது அது எட்டு என்று காட்டியது. கிருஷாந்த் ஊசிகளைச் சட்டையில் துடைத்துவிட்டு, பலகையின் மறுபுறத்தில் அழுத்தினான். அங்கும் எட்டு. மூன்று வருடம் மண்ணுக்குள் கிடந்த பலகை அது. போன கிழமை பாதை வெட்ட வந்த பெக்கோ இயந்திரம் அதைக் கிளறி வெளியே போட்டது. அதற்குப் பிறகும் நான்கு நாள் மழையில் நனைந்தது. நாற்பதுக்குக் குறையாமல் காட்டியிருக்க வேண்டும். கருவி கெட்டுவிட்டதோ என்று நேற்று வெட்டிய பச்சை ரப்பர் கட்டையில் வைத்துப் பார்த்தான். ஐம்பத்திரண்டு. கருவியில் பிழை இல்லை. அப்படியானால் பிழை தன்னிடம்தான் எங்கோ இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டான். எதற்கும் கடைசியில் அவன் வந்து நிற்கும் இடம் அதுதான்.

ஆனாலும் காய்ந்த பலாப்பலகை கிடைத்தால் விறகு காஸில் எஞ்சின் ஓட்டுகிற எவனும் நெடுநேரம் யோசிப்பதில்லை. பட்டை இல்லை, பால் இல்லை, தார் கட்டாது. ஆணிகளைப் பிடுங்கினான். ஒரு முனையில் கொஞ்சம் பச்சைப் பெயின்ற் ஒட்டியிருந்தது. தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் எல்லா லயத்துக் கதவுகளுக்கும் ஒரே பச்சைதான். அந்தத் துண்டை மட்டும் தனியே வைத்தான்; பிறகு அதையும் எடுத்து, தீப்பெட்டி அளவுச் சில்லுகளாக வெட்டினான்.

அவன் இருந்தது யட்டியாந்தோட்டைக்கு மேலே, ரப்பர் மலையில், மேல் லயத்தின் கடைசிக் காம்பராவில். மற்ற ஐந்து அறைகளும் காலி. கீழ் லயம் மண்சரிவில் போன பிறகு மேல் லயத்தையும் அபாய வலயம் என்று அறிவித்து, எல்லாரையும் றோட்டோரத்துப் புது வீடுகளுக்கு அனுப்பினார்கள். கரண்ட்டையும் வெட்டினார்கள். கிருஷாந்துக்கும் ஒரு வீடு கொடுத்தார்கள். எஞ்சினை வைக்க அங்கே இடமில்லை என்று எல்லாரிடமும் சொன்னான். இங்கே வாசலில் நின்றால் கீழ் லயம் இருந்த சரிவு தெரியும் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. அன்று அதற்குள் ஒன்பது பேர் இருந்தார்கள். பத்து நாள் தோண்டி இரண்டு பேரை எடுத்தார்கள். அந்த இரண்டு பேரில் அவன் மனைவி விஜயகலா இல்லை.

விறகு காஸ் பைத்தியம் பிடித்தது, பெற்றோல் தட்டுப்பாட்டு நாட்களின் வரிசையில். நாலு நாள் ஒரே வரிசையில் நின்ற சலிப்பில், பைப் கடை வைத்திருக்கும் முக்தார் நானா தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார்: எண்ணெய் வரும் இரும்புப் பரல் ஒன்று, அதன் அடியில் தணல், மேலே விறகுச் சில்லு. எஞ்சின் புகையைத் தணல் வழியே தன் பக்கம் உறிஞ்சிக்கொள்கிறது. தணலைத் தாண்டும்போது புகை காஸாகிவிடுகிறது. பிறகென்ன, கடைக்குப் பின்னால் இருவரும் வெல்டிங் போடத் தொடங்கினார்கள். கித்துல்கலையில் மஷூர், அரநாயக்கவில் இரண்டு சிங்களப் பையன்கள் என்று ஒரு வட்ஸ்அப் குழுவும் சேர்ந்தது. காஸை வடிகட்டத் தேங்காய்த் தும்பு நல்லதா, மரத்தூள் நல்லதா என்று விடிய விடியச் சண்டை போட்டார்கள்.

மண் வந்த அந்தப் பின்னேரம் கிருஷாந்த் முக்தாரின் கடையில்தான் இருந்தான். கை முழுக்கக் கரி. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினான்.

"பின் செவுத்துல தண்ணி ஊறி வருதுங்க," என்றாள் கலா. "மேல் லயத்துக்குப் போயிரட்டுமா?"

"இந்த மழையில எங்க போவ? கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே இரு. அரை மணித்தியாலத்துல வந்துர்றேன்."

எஞ்சின் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பிடித்தது. அவன் கிளம்ப இரண்டு மணித்தியாலமாகியது. அவள் கேட்டதையும் தான் சொன்னதையும் அவன் இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

இன்று மாலை ஆறரை மணிக்கு மழை விட்டது. பக்கத்துக் காலிக் காம்பராவில் இருந்த பரலில் சில்லுகளைக் கொட்டி, மூடியைக் கொக்கியால் இறுக்கி, அடியில் தீ வைத்தான். காஸ் வரும் குழாயின் நுனியில் தீக்குச்சியைக் காட்டியதும் சுவாலை நீலமாக எழுந்தது. இத்தனை சுத்தமான சுவாலையை அவன் பார்த்ததில்லை. ஜெனரேட்டர் ஒரே இழுவையில் பிடித்துக்கொண்டது. அவன் காம்பராவில் ஒற்றைப் பல்பு எரிந்தது. மூடுபனி கூரைத்தகரத்தின் மேல் தவழ்ந்து இறங்க, ரப்பர் இலைகளிலிருந்து சொட்டும் நீரும் வடிகான் தவளைகளின் கூச்சலும் எஞ்சினின் ஒரே சீரான துடிப்பும் ஐந்து வெற்றுக் காம்பராக்களுக்குள் புகுந்து சுவர்களில் மோதித் திரும்பி வந்தன. விறகுப் புகையின் இனிப்பு மணம் மட்டும் வரவில்லை. புதிதாக வெட்டிய குழியின் மணம் வந்தது. மழைக்காலம், மலையெல்லாம் மண் மணம்தானே என்று நினைத்தான்.

பரலுக்குள் சில்லுகள் சில நேரம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றுவிடும். கீழே தணல் வெறுமையாக எரியும். பாலம் கட்டுவது என்பார்கள். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வெளியிலிருந்து இரும்புக் கம்பியால் மூன்று தட்டுத் தட்ட வேண்டும். கிருஷாந்த் தட்டினான். உள்ளே சில்லுகள் சரசரவென்று இறங்கின.

பிறகு மூன்று தட்டுகள் கேட்டன.

சூடேறும் இரும்பு சொடுக்கும் என்பது தெரிந்ததுதான். ஆனால் அது எண்ணிச் சொடுக்குவதில்லை. நேரத்தைக் குறித்துக்கொண்டு பத்து நிமிடம் காத்திருந்தான். இரண்டு தட்டு தட்டினான். இரண்டு வந்தது. கொஞ்சம் விட்டு ஐந்து தட்டினான். ஐந்து. கடைசித் தட்டு சற்றுத் தாமதமாக வந்தது, கை சோர்ந்தவர் தட்டுவது போல. அது இரும்பிலிருந்து வரும் சத்தமாகவும் இல்லை. பலகையில் உள்ளங்கை படும் சத்தம்.

கம்பியைக் கீழே வைத்தான். தட்டாமல் நின்றான்.

தட்டல் தானாகவே தொடங்கியது.

வெளியே வந்து முற்றத்தில் நின்று நெஞ்சு நிறைய மூச்செடுத்தான். அந்த நச்சுக் காஸுக்கு மணமில்லை, நிறமில்லை. கசிந்தால் முதலில் தலையில்தான் ஏறும். பத்து நிமிடம் குளிரில் நின்றான். மணிக்கூட்டைப் பார்த்தான். ஒரு தடவை நிரப்பினால் ஐம்பது நிமிடம் ஓடும். இப்போது ஒன்றரை மணித்தியாலம் ஆகிவிட்டது. பல்பு மங்கவில்லை.

தலை தெளிவாக இருந்தது. தட்டலும் தெளிவாகக் கேட்டது.

வாசலில்தான் சிக்னல் வரும். முக்தாருக்கு எடுத்தான். சாப்பாட்டில் இருந்தார். ஒங்கட பரலுக்குத் தீத்துறதுல பாதிய நீங்க தின்டா ஒடம்பு தேறும் தம்பி என்று வழக்கம்போலத் தொடங்கினார். கிருஷாந்த் சிரிக்கவில்லை. எஞ்சின் நிற்கமாட்டேன் என்கிறது, உள்ளே என்ன எரிகிறது என்று தெரியவில்லை, திறந்து பார்க்கவா என்று கேட்டான்.

முக்தாரின் குரல் மாறியது. "பைத்தியமா ஒங்களுக்கு? ஓடக்கொள்ள மூடியத் தொறந்தா காத்துப் பூந்து வெடிக்கும். மொகமே மிஞ்சாது. காத்து வார வழிய அடச்சிட்டு வெளிய நில்லுங்க. தானா அணையும்."

"அடைச்சுப் பாத்துட்டேன் நானா. மண்ணப் போட்டு அடைச்சேன். நிக்கல."

முக்தார் எதையோ காது கொடுத்துக் கேட்பது போலிருந்தது.

"ஆரோ கதவத் தட்டுற சத்தம் கேக்குது தம்பி," என்றார். "பாவம், மழைக்க வந்தவங்களோ தெரியா. மொதல்ல போய்த் தொறந்து விடுங்க."

கிருஷாந்த் போனை அணைத்தான்.

அப்படியென்றால் தலையில் ஏறிய காஸ் இல்லை. முக்தாரின் வீடு ஆறு மைலுக்கு அப்பால்.

காலிக் காம்பராவுக்குள் திரும்பிப் போனான். இருட்டு. அடியில் தணலின் சிவப்புக் கூடத் தெரியவில்லை. எஞ்சின் ஓடியது. தட்டல் இப்போது வேகமாக இருந்தது. இரண்டு கைகளாலும். கீழிருந்து மேலாக. சறுக்கி, மறுபடி ஏறி.

வெடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு இரு என்று சொன்ன வாய் தன்னுடையது என்பதும் தெரியும். கோடையிலும் கூதலிலும், இந்த மூன்று வருடத்தில் ஒரு இரவு விடாமல், அவன் மனதுக்குள் அந்தக் கதவைப் போய்த் திறந்திருக்கிறான்.

கொக்கியில் கை வைத்தான். தோல் உரிய வேண்டிய சூடு. இல்லை. குளிர்ந்திருந்தது. நனைந்திருந்தது.

"கலா," என்றான்.

தட்டல் நின்றது.

திறந்தான்.

தீ பாயவில்லை. புகை இல்லை. விளிம்பு வரை சிவந்த மண். எஞ்சின் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் மண் சற்றே உயர்ந்தது. தாழ்ந்தது.

வலது கையை உள்ளே விட்டான். மணிக்கட்டு வரை. முழங்கை வரை. தோள் வரை. பரலின் அடி இன்னும் வரவில்லை.

விரல்கள் அவன் விரல்களைப் பற்றின.

பெரிய விரல்கள். தடித்தவை. அது கலாவின் கை அல்ல. அதற்குக் கீழே இன்னொரு கை வந்து அவன் முழங்கையைப் பிடித்தது. அதுவும் அல்ல. அதற்கும் கீழே ஒன்று. மிகவும் சின்னது. அவன் சுண்டுவிரலை மட்டுமே பிடிக்க முடிந்தது அதற்கு.

கன்னத்தைப் பரலின் விளிம்பில் சாய்த்து, இடது கையையும் மண்ணுக்குள் விட்டு, அத்தனை கைகளையும் ஒவ்வொன்றாக விலக்கி, கிருஷாந்த் இன்னும் கீழே தேடினான்.