ஒப்பக்காரி

சாட்சி சொல்ல வந்த அஞ்சுகம், நாற்காலியில் உட்காரும்போதே அழுதுகொண்டிருந்தாள்.

"மன்னிச்சுக்கங்கய்யா. இது என்னோடது இல்ல. காலையில ஒரு வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன், அதோட மிச்சம். தன்னால அடங்கிரும்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மாநிலப் பேரவையின் நிதிச் சேவைகள் நிலைக்குழுத் தலைவர் ஞானதிரவியம் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் தள்ளினார். அவர் கொண்டுவந்த சட்டத்தால்தான் அவள் அழுகிறாள் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

சட்டம் நல்ல சட்டம்தான். கடன் கட்டாத வீட்டைப் பூட்ட வேண்டுமானால், உத்தரவில் கையெழுத்திடுபவர் முதலில் நோவேற்றியை மாட்டிக்கொள்ள வேண்டும். நெற்றியைச் சுற்றி அணியும் பட்டை அது. வீட்டுக்காரரிடமிருந்து பதிவு செய்துவந்த துயரை, மாட்டிக்கொண்டவரின் மூளையில் அப்படியே இறக்கிவிடும். அதற்குப் பிறகும் கை ஓடினால் கையெழுத்துப் போடலாம். சட்டம் வந்த புதிதில் எந்த வங்கி மேலாளருக்கும் கை ஓடவில்லை. ஊர் ஊராக வீடுகள் தப்பின. ஞானதிரவியத்துக்கு ஆளுயர மாலை போட்டார்கள்.

ஆனால் முடிவெடுப்பவர்தானே கையெழுத்தும் போடுவார் என்று குழு நம்பிவிட்டது. உதவியாளர் எழுதி நீட்டியதில் எல்லாம் கையெழுத்துப் போட்டே காலம் தள்ளுகிறவர்களுக்கு இது தோன்றாமல் போனதுதான் வேடிக்கை. வங்கிகள் 'ஒப்பக்காரர்' என்றொரு வேலையை உண்டாக்கின. மேலாளர் முடிவெடுப்பார்; ஒப்பக்காரர் வலியைத் தாங்கிக் கையெழுத்திடுவார். முன்பைவிட அதிக வீடுகள் பூட்டப்பட்டன. யாரோ ஒருவர் அழுதுவிட்டதால் மற்றவர்களுக்கு மனம் உறுத்தவில்லை.

"வேலையை விட்டுறலாமேம்மா?" என்று கேட்டார் உறுப்பினர் இளவழுதி.

"விட்டா என் வீட்டைப் பூட்டிருவாங்கய்யா. என் கடனுக்குத்தான் இந்த வேலையே குடுத்தாங்க. கஷ்டப்பட்டவங்கதான் தாங்குவாங்கன்னு தேடிப் புடிச்சு எடுக்கறாங்க."

"குழுவுக்கு என்ன சொல்ல விரும்பறீங்க?" என்றார் ஞானதிரவியம்.

அவள் குவளையைக் கையில் எடுத்தாள். குடிக்கவில்லை.

"எம் பொண்ணு செல்வராணி மஞ்சக்காமாலையில போயிருச்சுங்கய்யா. எடுக்கற அன்னிக்கு அழுதேன். ஆனா அது அவளுக்காக வந்த அழுகையா, முந்தின நாள் பூட்டின வீட்டுக்காரங்க அழுகையான்னு எனக்கே தெரியல. பெத்தவளுக்கு அதுகூடத் தெரியலன்னா நான் என்ன மனுஷி? முடிவு பண்றவங்களே தாங்கட்டும். என்னை விட்ருங்க. எம் புள்ளைக்கு நான் அழணும்."

அவள் எழுந்திருக்கும் முன்பே அறிக்கை தயாரானது. முடிவெடுப்பவரே நோவைத் தாங்க வேண்டும், ஒப்பக்காரர்களை விடுவிக்க வேண்டும், அவர்கள் வீடுகளைத் தொடக் கூடாது. ஒருவர்கூட மறுக்கவில்லை.

குழுச் செயலர் பர்வீன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உள்ளே நோவேற்றி இருந்தது.

"தலைவரய்யா, பாதிக்கப்பட்டவங்க நோவை ஏத்திக்கிட்ட பிறகுதான் குழு அறிக்கையில கையெழுத்துப் போடணும். நீங்க சேர்த்த பிரிவுதான். இந்தம்மாவோட பதிவை வாசல்லயே எடுத்துட்டோம்."

மாலை மரியாதைக் காலத்தின் உற்சாகத்தில் சேர்த்த பிரிவு அது. அவருக்கு மறந்தே போயிருந்தது.

இளவழுதிக்கு இதயத்தில் கோளாறு. இன்னொருவர் வீட்டில் வளைகாப்பு, அழுத முகத்தோடு போக முடியாது. மற்றவர்கள் தலைவரைப் பார்த்தார்கள். ஞானதிரவியம் பட்டையை எடுத்து நெற்றி வரை கொண்டுபோனார். எத்தனை வீடுகளின் அழுகை அந்த ஒருத்திக்குள் கிடக்கிறதோ என்று நினைத்தார். பட்டையைக் கீழே வைத்துவிட்டார். வெட்கமாகத்தான் இருந்தது, பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"குழு அதிகாரம் குடுக்கற ஒருத்தர் நமக்காகப் போடலாம்னு அதே பிரிவுல இருக்கே" என்றார் இளவழுதி, தாழ்ந்த குரலில்.

யாரும் அஞ்சுகத்தைப் பார்க்கவில்லை. அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"குடுங்கய்யா. எனக்குப் பழக்கந்தானே."

இளவழுதி பட்டையை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் பட்டையை மாட்டிக்கொண்டு, வழக்கம்போலப் பல்லைக் கடித்துக் காத்திருந்தாள். பிறகு முகம் மாறியது. "செல்வராணி…" என்று கூப்பிட்டாள். வாய் விட்டு அழுதாள். அந்த அழுகையில் வேறு யாரும் இல்லை.

"இரவல் துயரம் பதிவாகாதுங்கய்யா. அவங்கவங்க சொந்தத் துயரம் மட்டுந்தான் பதிவாகும்" என்றார் பர்வீன் மெதுவாக.

"இத முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார் ஞானதிரவியம்.

"நீங்க யாரும் கேக்கலையே."

ஞானதிரவியம் பயந்து கீழே வைத்தது பிள்ளையைப் பறிகொடுத்த ஒரே ஒரு தாயின் நோவை. அவ்வளவுதான் அதில் இருந்தது.

அஞ்சுகம் கண்ணீரோடு குழுவின் சார்பில் கையெழுத்துப் போட்டாள். பட்டையை இரண்டு கைகளாலும் நெற்றியோடு அழுத்திக்கொண்டாள்.

"இது என்னோடதுங்கய்யா. இன்னும் கொஞ்ச நேரம் வெச்சுக்கட்டுமா?"

ஞானதிரவியம் தலையசைத்தார். 'நோவு தாங்கப்பட்டது' என்று பர்வீன் நடவடிக்கைக் குறிப்பில் எழுதினார். தேநீரும் வடையும் வந்தன. நாற்காலிகள் நகர்ந்தன, யாரோ மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்கள்.

காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியிருப்பதை ஞானதிரவியம் உணர்ந்தார். அவள் இன்னும் அழுதுகொண்டிருந்தாள். அவருக்கு நன்றாகப் பசித்தது.