மூன்றாவது லைனுக்கு மட்டும்

ஒமாஹாவிலிருந்து கிளம்பும்போதே எனக்கு மனசு சரியில்லை. பனிப்புயல் வருகிற நாளில், நெப்ராஸ்காவின் மேற்குக் கோடியில் கிடக்கும் ஒரு சரக்கு யார்டுக்கு, கீபோர்டைச் சரிசெய்ய யாராவது ஆள் அனுப்புவார்களா? எங்கள் ரயில் கம்பெனி அனுப்பும். மத்தியானம் போய் இறங்கியபோது காற்று கார்க் கதவைக் கையிலிருந்து பிடுங்கியது.

ஆபீசில் வெர்னா ஒருவர்தான் இருந்தார். எந்த லைனில் எந்த வேகன் நிற்கிறது, எதை நகர்த்தலாம் என்று தலைமையகத்துப் பெரிய கம்ப்யூட்டரான மெயின்பிரேமுக்குச் சொல்கிறவர். பழைய பச்சைத்திரை டெர்மினலைத் தூக்கிவிட்டுப் புதுக் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். டெர்மினலில் இருந்த கீகள் பாதி இதில் கிடையாது. எந்தக் கீயை அமுக்கினால் மெயின்பிரேமில் எந்த வேலை நடக்க வேண்டும் என்று முடிச்சுப் போட என்னிடம் ஒரு சின்ன புரோகிராம் இருந்தது. படம் கிடம் ஒன்றும் வராது. ஒரு வரி கமாண்ட் அடித்தால் வேலைக்கு ஒரு வரியாக எல்லா முடிச்சையும் காட்டும். பொய் சொல்லத் தெரியாத புரோகிராம்.

ஜன்னலோரம் கிடந்த நாற்காலியை இழுத்தேன்.

"அதுல வேண்டாம் டேல்," என்றார் வெர்னா. "அது ஆரினோடது."

"அவர் எங்கே?"

"செத்துட்டார். அதுக்காக நாற்காலி அவரோடது இல்லன்னு ஆயிடுமா?"

சரிதான், இந்த ஊரில் எல்லாருக்கும் ஒரு ஸ்க்ரூ லூசு என்று நினைத்துக்கொண்டு நின்றபடியே வேலையைத் தொடங்கினேன். வெர்னாவோ அழிக்கிற கீயை ஒன்பதாம் கீக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது என்று நச்சரித்தார். ஒன்பதாம் கீ லைனை விடுவிக்கிற கீ. அதை அமுக்கினால் அந்த லைனில் எஞ்சின் நுழையலாம்.

காரணம் கேட்ட பிறகுதான் சொன்னார். முன்னொரு முறை இப்படித்தான் புது டெர்மினல் வந்ததாம். தப்பாக அடித்ததை அழிக்க ஆரினின் விரல் பழக்கத்தில் பழைய இடத்துக்குப் போயிருக்கிறது. புதுக் கீபோர்டில் அந்த இடத்தில் இருந்தது ஒன்பதாம் கீ. மூன்றாவது லைனில் டெட் வாஸ் என்கிற பையன் வேகனுக்கு அடியில் பிரேக் பார்த்துக்கொண்டிருந்தான், எஞ்சின் உள்ளே வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆரின் எந்தக் கீயையும் தொடவில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி போய்விட்டார்.

இன்று வேகனுக்கு அடியில் போகிற ஆள் வெர்னாவின் கணவர் மெர்ல். அந்த வேலைக்கு அவர் ஒருவர்தான் வந்திருந்தார். அடியில் போகிறவர் லைன் முனையில் நீல விளக்கு வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அது எரிகிறவரை எஞ்சின் உள்ளே வரக் கூடாது. அதை வைத்தவரேதான் எடுக்க வேண்டும். கம்பெனி முதலாளியே வந்தாலும் அடுத்தவர் வைத்ததைத் தொடமாட்டார்.

முதல் லைனை வெர்னா விடுவித்தார். இரண்டாவதையும் விடுவித்தார். ஒன்பதாம் கீ சொன்னபடி கேட்டது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. வயர்லெஸ்ஸில் மெர்லின் குரல் கரகரத்தது. "மூணு முடிஞ்சுது. விளக்கை எடுத்துட்டேன்."

வெர்னா மூன்று என்று அடித்து ஒன்பதாம் கீயை அமுக்கினார்.

திரையின் அடியில் ஒரு பெருக்கல் குறி விழுந்தது. கீபோர்டு பூட்டிக்கொண்டது.

பூட்டைத் திறந்து மறுபடி அமுக்கினார். மறுபடியும் அதே குறி. எனக்கு எரிச்சல். கமாண்டை அடித்தேன். எட்டாம் கீ வரி இருந்தது, பத்தாம் கீ வரி இருந்தது. ஒன்பதைக் காணோம். என் கையால் எழுதிய வரி. திரும்ப எழுதிச் சேமித்தேன். கமாண்ட் அடித்தேன்.

காணோம்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. பைப் புகையிலை. ஆபீசில் புகைக்கிறவர் யாருமில்லை.

கட். கட்.

பழைய டெர்மினலின் கனத்த கீபோர்டு போடுமே, அந்தச் சத்தம். என் கீபோர்டில் நான் கை வைக்கவில்லை.

சத்தம் ஜன்னல் பக்கமிருந்து வந்தது.

"என்னம்மா, தூங்கிட்டியா?" வயர்லெஸ்ஸில் எஞ்சின் டிரைவர் கஸ். "கம்ப்யூட்டர் வேலை செய்யலன்னா வாயால சொல்லு, போறேன்."

சொல்லிவிடுங்கள், கோளாறு என் புரோகிராமில்தான் என்றேன். வெர்னா நாற்காலியையே பார்த்தார். பிறகு மெர்லைக் கூப்பிட்டார். பதில் இல்லை. திரும்பக் கூப்பிட்டார். இரைச்சல் மட்டும் வந்தது.

"நகராதே கஸ்," என்று சொல்லிவிட்டு, கோட்டைக்கூடப் போடாமல் வெளியே ஓடினார். அந்த நாற்காலியோடு தனியாக இருக்க முடியாமல்தான் நானும் பின்னால் ஓடினேன்.

மூன்றாவது லைனில் இரண்டு வேகன்களுக்கு நடுவே பனியில் ஒரு ஜோடி பூட்ஸ் நீட்டிக்கொண்டிருந்தது. வெர்னா அதைப் பிடித்து இழுத்தார்.

உயிரோடுதான் இருந்தார் மெர்ல். விளக்கை எடுத்த பிறகு ஒரு பிரேக் காற்றுக்குழாய் தொங்குவதைப் பார்த்திருக்கிறார். ஒரு நிமிஷ வேலைதானே என்று விளக்கில்லாமல் அடியில் புகுந்துவிட்டார், காற்று இரைச்சலில் வயர்லெஸ் கேட்கவில்லை. வெர்னா திட்டவில்லை. கணவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஆபீசுக்குக் கூட்டிவந்து காப்பி கொடுத்தோம். மெர்லின் காலடியில் அவர் விளக்கு அணைந்து கிடந்தது, அதிலிருந்து பனி உருகித் தரையில் ஓடியது. வெர்னா காலி நாற்காலியைப் பார்த்து, "நன்றி ஆரின்," என்று மெல்லச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்பதாம் கீயை அமுக்கினார்.

பெருக்கல் குறி.

கமாண்ட் அடித்தேன். எட்டு. பத்து.

"நீங்க இங்கதானே இருக்கீங்க," என்றார் வெர்னா, கணவரிடம், மூச்சுக் குரலில். "அப்புறம் ஏன்?"

மெர்ல் வாயைத் திறப்பதற்குள் வயர்லெஸ் கரகரத்தது.

"வெர்னா, மூணாவது லைன் முனையில நீல விளக்கு எரியுது. மெர்லை எடுக்கச் சொல்லு."

மெர்ல் குனிந்து தன் காலடியைப் பார்த்தார். விளக்கு அங்கேயேதான் கிடந்தது.

"அது என்னோடது இல்ல கஸ்," என்றார். "நான் தொட முடியாது."

"விளையாடாதப்பா," என்றார் கஸ். "நீ ஆபீஸ்ல இருந்தா, வேகனுக்கு அடியில கால் தெரியுதே, அது யாரு?"