நூலகத்தில் ஓர் அடுப்பு

“ஏனுங்க அம்மணி, திங்கக்கெழமைக்குள்ள காலி பண்ணோணுமாம். அத்தனை புஸ்தகத்தையும் எங்கீங்க கொண்டு போறது?” என்று கேட்டபடியே ஃபஹீமாவின் எதிரே வந்து உட்கார்ந்தார் பொற்கொடி. ஆர்.எஸ்.புரம் அரிய நூல்கள் நூலகத்தின் நூலகர் அவர்.

பழைய கட்டடங்களைப் பற்றிய வழக்குகளைத் துப்பறிவது ஃபஹீமாவின் தொழில். அவசரமே படாத ஆள். அவருக்கும் சேர்த்து அவசரப்பட ஓய்வுபெற்ற ஏட்டு கண்ணையா கூடவே இருந்தார்.

சிக்கல் இதுதான். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரே வளாகத்தில் ஒரு நூலகமும் ஒரு வீடும் கட்டிய பெரியவர், நூலகம் அறக்கட்டளைக்கு, வீடு வாரிசுகளுக்கு என்று எழுதிவைத்தார். எந்தக் கட்டடம் எது என்று எழுத மறந்துவிட்டார். இன்று இரண்டில் ஒன்றுதான் நிற்கிறது. அதுவே வீடு என்கிறார் கொள்ளுப்பேரன் கதிர்வேல். பெருந்துறையில் ஆலை வைத்திருப்பவர்.

அன்று காலையே நூலகத்துக்குப் போனார்கள். கதிர்வேல் வாசலிலேயே காத்திருந்தார்.

“எங்க அப்பாரு, அப்பாவைப் பெத்தவரு, பொறந்த ஊடுங்க இது. தெக்கால இருந்ததுதான் லைப்ரரி. அது ஒழுகவும் புஸ்தகத்தை இங்க மாத்திப்போட்டாங்க. பாழாக் கெடந்துச்சுன்னு போன வருசம் நான்தான் முன்னால நின்னு இடிச்சேன். நம்பலைன்னா சமையக்கட்டைப் பாருங்க!”

அவர் காட்டிய மூலை அறையில் கூரையெல்லாம் கரி. சுவருக்குள்ளேயே ஏறும் புகைபோக்கி, அதன் கீழே அடுப்பு. சன்னல் வழியே காலை வெயில் விழுந்த கல்மேடையில் நீலப்பச்சையாக ஒரு கறை.

“கீரைக் கறைங்க! சமையக்கட்டேதான்” என்று அவசரப்பட்டார் கண்ணையா. பொற்கொடிக்கு முகம் வாடிவிட்டது. ஃபஹீமா கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“பெருந்துறை ஊட்டுல உங்களுக்கு அடுப்பு எந்த மூலைங்க?”

“அக்கினி மூலைதான், தென்கிழக்கு. பெரியவர் காலத்துல இருந்தே வாஸ்து பார்க்காம எங்கூட்டுல ஆணிகூட அடிக்க மாட்டோமுங்க.”

“இந்த அறை எந்த மூலைங்க?”

கதிர்வேல் வெயிலைப் பார்த்தார். கையை நீட்டித் திசை கணக்கிட்டார். நீட்டிய கை மெல்ல இறங்கியது.

“ஈசானிய மூலைங்க” என்றார் ஃபஹீமா. “வடகிழக்கு. சாமி ரூம் வைக்கிற எடம். அங்க போயி பெரியவரு அடுப்பு வெப்பாருங்களா?”

“அப்ப இது என்ன அடுப்புங்க?” என்றார் கண்ணையா.

“புஸ்தகம் பைண்ட் பண்ணப் பசை காய்ச்சுன அடுப்பு. பூச்சி அரிக்காம இருக்க அதுல மயில்துத்தம், நீல உப்பு, போடுவாங்க. விஷம். அந்தக் கறைதான் இது. கைவேலைக்குக் காலை வெளிச்சம் வேணும்னுதான் இந்தப் பக்கம் ரூம்.”

“புஸ்தகம் வந்த பொறவு வெச்சதா இருந்தா?” கதிர்வேல் விடவில்லை.

“புகைபோக்கி செவுத்தோட சேர்ந்தே எழும்பியிருக்குதுங்க. கட்டும்போதே வெச்சது. வேற அடுப்பு இந்தக் கட்டடத்துலயே கெடையாது. சமைக்காத ஊடு உண்டுங்களா?”

பொற்கொடி அழுதேவிட்டார், நிம்மதியில். கதிர்வேல் சன்னலில் எட்டித் தெற்குப் பக்கத்து வெறும் மண்ணைப் பார்த்தபடி நின்றார்.

“அப்ப எங்க அப்பாரு பொறந்த ஊடு...”

“ஆமாங்க” என்றார் ஃபஹீமா. அவருக்கும் மனசு கேட்கவில்லை.

கதிர்வேல் யாரையும் பார்க்காமல் சொன்னார்:

“நல்ல நாள் பார்த்துத்தானுங்க இடிச்சேன்.”