ஏச்சு வாங்கும் கழுத்து

இந்தக் காலத்துச் சனங்களுக்கு முகத்துக்கு நேரே நின்று ஏசக்கூடத் துப்பில்லை என்பதுதான் வியாகப்பனின் முதல் குறை. வீட்டில் காலை நீட்டிக்கொண்டு, தோசையை மென்றபடியே, அவர் காதுக்குள் பதித்திருக்கும் ஏச்சுச்சில்லு என்கிற சின்னக் கருவி வழியாகத் திட்டுகிறார்கள். வாயில் இருப்பதை விழுங்கிவிட்டாவது திட்டக் கூடாதா?

மன்னார் கடல்மேல் மிதக்கும் அந்த நகரத்தில் ரக்பி ஆடுபவை இயந்திரங்கள். அணியில் பதினைந்து பேர் என்றால் பதினாலு இரும்பு, ஒன்று மனிதன். முன்பு பதினைந்தும் இரும்பாகத்தான் இருந்தன. தோற்ற அணியைச் சனங்கள் ஏசினால், இயந்திரங்கள் “தங்கள் கருத்துக்கு நன்றி” என்றன. ஏசியவர்களுக்கு எரிச்சல் அடங்கவில்லை. வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் மேல் பாய்ந்தார்கள். பிறகுதான் அரசு அணிக்கொரு மனிதனைச் சேர்க்கச் சொல்லி, ஆட்டம் முடிந்ததும் அவன் ஏச்சறையில் உட்கார வேண்டும் என்றும் விதித்தது.

“ஏச்சு வாங்க வச்சிருக்கோங்கிறதெல்லாம் வீண்பேச்சு. உங்க கழுத்துக்காகத்தான் உங்கள வச்சிருக்கோம் அண்ணாச்சி” என்பாள் மேலாளர் ஜெசிந்தா. அவர் ஒருநாளும் நம்பியதில்லை.

வியாகப்பன் முட்டுக்காரர். இரண்டு அணியும் எட்டுக்கு எட்டாகத் தலை கோத்துத் தள்ளும்போது, முன்வரிசை ஓரத்தில் நின்று பாரத்தைக் கழுத்தில் வாங்குகிற வேலை. வாங்கி வாங்கிக் காது இரண்டும் நசுங்கிய போண்டாவாகிவிட்டன. முட்டு சரியாமல் நின்றால் பந்தோடு ஓடுகிற இயந்திரத்துக்குக் கைதட்டல். சரிந்தால் எல்லார் கண்ணும் இவர்மேல்.

அன்று அவருக்குக் கடைசி ஆட்டம். “நல்லா முட்டுனே” என்று ஒரே ஒரு குரலைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். வேறு ஆசையில்லை.

“செயிச்சாலும் அந்த ரூமுல உக்காரணுமாளா?” என்று ஜெசிந்தாவிடம் கேட்டார்.

“உக்காரணும் அண்ணாச்சி. ஆனா செயிச்சா ஏசுறதுக்கு எவன் வருவான்? புகழத்தான் வருவான்.”

எதிரணியின் மனிதன் இசக்கி. அவனும் முட்டுக்காரன்தான், எளிதில் சரியாதவன். அவன் மூக்கில் ரத்தம் வழிவதைப் பார்த்து வியாகப்பன் காறித் துப்பினார். “நல்லாத்தாம்ல சாயம் பூசிருக்கான். உள்ள பூரா இரும்பு. கள்ளப்பய.”

ஆட்டம் முடியும் தறுவாயில், தங்கள் எல்லைக்கோட்டுக்கு முன்னால் கடைசி முட்டு. சரிந்தால் தோல்வி. பக்கத்து இயந்திரத்தின் முழங்கால் மளுக்கென்று உடைந்தது. அதன் பாரமும் சேர்ந்து அவர் கழுத்தில் இறங்கியது. கண் இருட்டியது, காது கிழிந்தது. அவர் விழவில்லை. பந்து பின்னால் வந்தது. ஏதோ ஒரு இயந்திரம் அதை உதைத்து வெளியே அனுப்பியது. வெற்றி.

ஏச்சறையில் காதைத் துணியால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். சில்லு உயிர்பெற்றது.

“ஏய், எந்தக் கடையில கழுத்து மாட்டுனே?”

“மனுசனா இருந்தா விழுந்திருப்பானே! எத்தன வருசமா எங்கள ஏமாத்துற?”

“காதுல ரத்தமாம் ரத்தம். சாயம்!”

“முழங்கால் ஒடஞ்சும் நின்னுச்சே அந்த இயந்திரம், அது வீரன். நீயும் இருக்கியே.”

தோற்ற நாளில்கூட இத்தனை பேர் வந்ததில்லை. சில்லு சூடேறிக் காதைச் சுட்டது. அவர் கேட்க விரும்பிய சொல் மட்டும் வரவில்லை.

ஜெசிந்தா கதவைத் திறந்தாள். “தப்பா எடுத்துக்காதீங்க அண்ணாச்சி. இன்னும் ஒரு ஆட்டம் ஆடுங்க. முட்டுல ஒருதடவ விழுந்து காட்டுனா மனுசன்னு நம்பிருவாங்க.”

“விழுந்தாத்தான் மனுசனோ? நின்னா இல்லையோ?”

“எங்கிட்ட கோவப்பட்டா? இசக்கியப் பாத்து இன்னைக்கு நீங்களே என்ன சொன்னீங்க?”

வியாகப்பன் ரத்தத் துணியை மேசைமேல் எறிந்தார்.

“அது வேற. அவன் நெசமாவே இரும்புதாம்ளா.”

கழுத்தைத் தடவிக்கொண்டே நடந்தார். வெளிவாசலில் இசக்கி மூக்கில் பஞ்சோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். வியாகப்பன் ஒரு கணம் நின்று, குனிந்து அந்தக் கண்ணீரை உற்றுப் பார்த்தார்.

“எண்ணெய்” என்று முனகிவிட்டுப் போய்விட்டார்.