தப்புத் தப்பாக ஒரு கதை

கனடாவுக்குப் போகும்போது எல்யாஸையும் கூட்டிப்போக விடுவார்களா? ஷகீபாவுக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

எல்யாஸ் அவளுடைய சித்தி மகன். வயது ஏழு. சொந்த ஊரான குண்டூஸில் நடந்த சண்டையில் அவனுடைய அம்மாவும் அப்பாவும் இறந்துபோனார்கள். அன்றிலிருந்து அவனுக்கு ஊட்டுவதும் தலை சீவுவதும் ஷகீபாவின் அம்மாதான். எல்லையைத் தாண்டி தஜிகிஸ்தானுக்கு வந்தபிறகு, வஹ்தத் என்ற ஊரில் ஓர் ஒற்றை அறையில் நான்கு பேரும் காத்திருந்தார்கள்.

ஒருவழியாக, தலைநகர் துஷான்பேயில், அகதிகளைக் கனடாவுக்கு அனுப்பும் அலுவலகத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது.

அதிகாரி ஒரு பெண்மணி. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். எல்யாஸ் இவர்கள் வளர்க்கும் பிள்ளைதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று அதிகாரி கேட்டார். எல்லாம் வீட்டோடு எரிந்துவிட்டது என்றார் ஷகீபாவின் அப்பா.

"அப்படின்னா பையனே சொல்லட்டும்" என்றார் அதிகாரி.

எல்யாஸ் தலையைக் குனிந்துகொண்டான். வெளியாட்கள் முன்னால் அவன் வாயே திறக்க மாட்டான். மிட்டாய் கொடுத்துப் பார்த்தார்கள். வாங்கிக்கொண்டான், பேசவில்லை. அப்பா அவன் காதருகே குனிந்தார். சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று அதிகாரி தடுத்துவிட்டார். இப்படியே இருந்தால், இவனை விட்டுவிட்டு மற்ற மூவரின் பெயரைத்தான் அனுப்ப முடியும் என்றார். அம்மா எல்யாஸை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

ஷகீபா யோசித்தாள். மிரட்டினால் இவன் இன்னும் சுருங்கிவிடுவான். ஆனால் வீட்டில் ஒரு விஷயத்தை மட்டும் இவனால் தாங்கவே முடியாது. யாராவது ஒரு கதையைத் தப்பாகச் சொன்னால் போதும்.

"நான் ஒரு கதை சொல்லட்டுமா மேடம்? அவனுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்க மாட்டேன். தப்பாத்தான் சொல்வேன்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. சொல்லச் சொன்னார்.

"நாங்க ஊரைவிட்டு வந்த அன்னைக்கு நல்ல வெயில்" என்று ஆரம்பித்தாள் ஷகீபா.

எல்யாஸ் நெளிந்தான்.

"எல்யாஸை அப்பா தோள்ல தூக்கிட்டு வந்தார். எல்யாஸ் ஓன்னு அழுதான். நான் அழவே இல்லை."

"பொய்!" எல்யாஸ் துள்ளி எழுந்தான். "அன்னைக்கு மழை! பெரியப்பா மூட்டை தூக்கிட்டு வந்தார். என்னைத் தூக்கினது பெரியம்மா. சேத்துல அவங்க செருப்பு மாட்டிக்கிச்சு. எடுக்கணும்னா என்னை இறக்கி விடணும். அதான் செருப்பை விட்டுட்டு வெறுங்காலோட நடந்தாங்க. அழுதது நீதான் அக்கா. மூக்கு வேற ஒழுகிச்சு."

மொழிபெயர்ப்பாளர் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். மூக்கு ஒழுகியதையும் சேர்த்துத்தான்.

அதிகாரி அம்மாவின் பக்கம் திரும்பினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்போ ராத்திரி யார் பக்கத்துல தூங்குவே?" என்று எல்யாஸைக் கேட்டார் அதிகாரி.

"பெரியம்மா பக்கத்துல. அக்கா உதைப்பா."

வெயில் காலம் முடியும்போது பதில் வந்தது. அப்பா அதை உரக்கப் படித்தார். நான்கு பெயர்களும் இருந்தன. அக்கம்பக்கத்து அறைகளில் இருந்தவர்களெல்லாம் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார்கள்.

விமானத்தில் ஜன்னலோரம் யாருக்கு என்று அக்காவும் தம்பியும் சண்டை பிடித்தார்கள். மேகங்கள் தெரிந்ததும் சண்டை மறந்துபோயிற்று. இரண்டு தலைகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஒரே ஜன்னலில் ஒட்டிக்கொண்டன.